டீச்சர் சொல்லக் கூடாத இந்தியா

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வந்த முதல் டீச்சருக்கு நான் ஒரு வேட்டு வைத்தேன். அது நன்றாகவே வெடித்தது. என் மடியில்தான் வெடித்தது என்பது மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போகப் பதிந்திருந்தார்கள். மீதிப் பேர் பதியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துவிட்டார்கள். கொழுந்தை நல்லது, முற்றல் என்று நாங்கள் பிரிக்கிற மாதிரி. எங்களில் யார் நல்லது, யார் முற்றல் என்றுதான் யாரும் சொல்லவில்லை. போகிறவர்கள் கோச்சி ரயிலில் தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். என் வீட்டுக்காரரும் எங்கள் குடும்பத்தைப் பதிந்துவிட்டு வந்தார். அவருடைய பாட்டனுக்குத் திருச்சிப் பக்கம் ஒரு ஊர். ஊரின் பெயர் அவருக்குத் தெரியும். அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இந்தியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். நான் போய்ப் பார்த்தவள் அல்ல. நான் போனதிலேயே தூரமான ஊர் வெலிமடை. அதுவும் உருளைக்கிழங்கு லொறியில், மூட்டை மேலே உட்கார்ந்து. படிப்பு என்று பார்த்தால் இரண்டாம் வகுப்பு. அதையே இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறையும் வந்து நிற்கிறேனே என்று பழைய வாத்தியார்தான் என் அம்மாவைக் கூப்பிட்டு, "இத மலைக்கே கூட்டிக்கிட்டுப் போங்க, எனக்கும் நிம்மதி"ன்னு சொல்லிவிட்டார். ஆனால் ஆண்டவன் எனக்கு ஒரு வாயைக் கொடுத்திருந்தான். கொழுந்து எடுக்கும்போது கையும் வாயும் ஒன்றாக ஓட வேண்டும் என்பது என் கொள்கை. கை சில நாள் நின்றாலும் வாய் நின்றதில்லை.

நான் சொன்ன இந்தியா எப்படி இருந்தது தெரியுமா? இங்கே இருப்பதைப் போலப் பத்து மடங்கு உயர மலை. தேயிலைச் செடி ஆள் உயரம், ஏணி வைத்துத்தான் கொழுந்து கிள்ள வேண்டும். பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற புருஷன் தெரியமாட்டான். "அதுவே ஒரு சொகம்தானேடி"ன்னு நான் சொல்ல, பெண்கள் சிரித்துக் கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இதில் நான் வேண்டுமென்று புளுகியது பாதிதான். மீதியை நானே நம்பினேன். பிறந்ததிலிருந்து நான் பார்த்ததெல்லாம் மலை. மலை இல்லாத ஒரு நாட்டை எனக்கு நினைக்கவே தெரியவில்லை. சொந்த நாடு என்றால் இதைவிடப் பெரிய மலையாக, இதைவிடக் கூடின குளிராகத்தானே இருக்கும்? அதனால் பதிந்த வீடுகளில் எல்லாம் கம்பளி சேர்க்கத் தொடங்கினார்கள். பதுளை பஜாரில் கம்பளி விற்ற முஸ்லிம் முதலாளி, "இந்தியாவுக்கா கம்பளி? மெய்யாவா?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். "ஆமாங்க, அங்க குளிரு இத விடக் கூடயாம்" என்று நான் சொன்னதும் மனுஷன் ஒன்றும் சொல்லாமல் அளந்து மடித்துத் தந்தார். வியாபாரி அல்லவா.

இந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தார்.

பதுளையில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பெண். ஒல்லி. குடையை ஊன்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏறி வருவார். அதற்கு முன்னால் வெகு நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரே நீள மண்டபம், இடுப்பளவு சுவர், கதவு கிடையாது. ஆடுகள் உள்ளே போய்ப் படுத்திருக்கும். டீச்சர் வந்து ஆடுகளை விரட்டி, பிள்ளைகளை உட்கார வைத்தார். நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். ஆடுகளைத் தவிர.

அவரிடம் ஒரு புதுப் பழக்கம் இருந்தது. முந்திய வாத்தியார்மார் கேள்வி கேட்பார்கள், பிள்ளைகள் அடி வாங்கும். இவரோ பள்ளி விடுவதற்குச் சற்று முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப நீங்க கேளுங்க" என்பாராம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாமாம். அட்டை ஏன் இரத்தம் குடிக்கிறது, துரை பங்களாவில் ஏன் அத்தனை ஜன்னல், எதுவானாலும்.

ஒரு நாள் சாயந்தரம் நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். என் மகள் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் பையை எறிந்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, நீ எப்ப இந்தியாவ பாத்த?"

"ஏண்டி?"

"டீச்சருகிட்ட கேட்டேன். தாத்தா ஊரு பக்கம் மலையே இல்லயாம். எல்லாம் தரையாம். குளிரே இல்லயாம், வெயிலாம். தேயில ஒரு செடிகூட இல்லயாம்."

"வேற என்னா சொன்னா ஒங்க டீச்சரு?"

"அம்மா சொல்றது எல்லாம் பொய்யின்னு…"

"டீச்சரா சொன்னா?"

"இல்ல, அது நான் சொன்னேன்."

என் வீட்டுக்காரர் தேத்தண்ணியை வாயில் வைத்தபடியே சிரித்துப் புரையேறினார். "போச்சு புள்ள! ஒன் இந்தியா இடிஞ்சு வுழுந்துருச்சு!"

எனக்கு வந்த கோபத்தில் மா கல்லாகிவிட்டது. அன்று தின்ற ரொட்டியைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுவார்கள். கோபம் ஏன் என்றால், தோட்டத்தில் எனக்கு இருந்த ஒரே பதவி அதுதான். கங்காணிக்குத் தடி இருந்தது, தலைவருக்குச் சங்கம் இருந்தது, எனக்கு இந்தியா இருந்தது. அதையும் ஒரு சின்னப் பெண் வந்து பிடுங்கிவிட்டாளே! ஆனால் அதை அப்படியே வெளியே சொல்ல முடியுமா? அதனால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து மலைக்கு ஏறியதும், என் நிரைக்குப் பக்கத்தில் நின்றவளிடம், "டீச்சரு நம்ம ஊர மட்டமா பேசுறாளாம். பிள்ளைகளுக்குப் போகாதன்னு சொல்லிக் குடுக்குறாளாம்" என்றேன்.

மலையில் பேச்சு எப்படிப் போகும் என்று மலையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து வரிசையாக நிற்போம். முதல் நிரையில் ஒரு பேச்சை வைத்தால் அது கை மாறிக் கை மாறிக் கடைசி நிரைக்குப் போகும். ஒவ்வொருத்தியும் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மிளகாய் போட்டுத்தான் அடுத்தவளிடம் கொடுப்பாள். வெறும் கையோடு கொடுப்பது மரியாதை இல்லை. கடைசி நிரையிலிருந்து அது மறுபடி சுற்றிக்கொண்டு தேத்தண்ணி நேரத்துக்கு என்னிடமே வந்தது.

"அக்கா, விசயம் தெரியுமா? கப்பல்ல போனா நடுக்கடல்ல முழுகிருவீங்கன்னு டீச்சரு பிள்ளைகள மெரட்டுறாளாம்!"

"அடிப்பாவி! இதையுமா சொன்னா?" என்று நான் நெஞ்சில் கை வைத்தேன். சத்தியமாக நம்பினேன். நான் விட்ட கோழிதான் சிலிர்த்துக்கொண்டு சேவலாகத் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

தோட்டத்துச் சங்கத் தலைவருக்குப் பேச்சு எட்டியது. நல்ல மனிதர்தான். ஆனால் எங்கே ஒரு கூட்டம் கூடினாலும் அதற்கு முன்னால் தான் நிற்க வேண்டும் என்று நினைப்பவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதுளைக்குப் போய்க் கல்விக் கந்தோரில் புகார் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு நாள் அந்தக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்தார். வயதானவர், ஏறிய களைப்பில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்ததும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் போய் நின்றோம். டீச்சர் கரும்பலகைப் பக்கத்தில் நின்றார். முகம் வெளிறி இருந்தது, ஆனால் நிமிர்ந்துதான் நின்றார்.

"டீச்சர் பேசினத யாரு காதால கேட்டது?" என்று அதிகாரி கேட்டார்.

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். தலைவர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"நீங்க வகுப்புல இருந்தீங்களாம்மா?"

"நான் கடேசியா வகுப்புல இருந்தது ரெண்டாம் வகுப்புலங்க."

பின்னால் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்ப யாரு சொன்னது?"

"மக சொன்னா. மலை இல்லன்னு, குளிரு இல்லன்னு டீச்சரு சொன்னாங்களாம்."

"கப்பல் முழுகும்னு சொன்னதும் மகதானா?"

"அது வந்துங்க… அது மலையில வந்துச்சு."

"மலையில எப்படிம்மா வரும்?"

"நிரையில வரும்ங்க."

அதிகாரிக்கு விளங்கவில்லை. டீச்சருக்கு விளங்கிவிட்டது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கப்பலப் பத்தி நான் ஒன்னும் பேசல சார். போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல. எங்க அம்மாச்சி ஊரு திருச்சிப் பக்கம்தான். சின்னதுல போயிருக்கேன். பிள்ளை கேட்டுச்சு, பாத்ததச் சொன்னேன்."

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நானும் பழனிக்குப் போயிருக்கேன்" என்றார் எங்களைப் பார்த்து. "சித்திரை மாசம். படியில கால் வைக்க ஏலாது. குளிராவது ஒன்னாவது."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கம்பளி வாங்கின பெண்கள் எல்லோரும் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. முதுகுக்கு நல்ல வெயில் அடித்தது.

ஆனால் அதிகாரி அதோடு விடவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னது உண்மையா பொய்யாங்கிறது இல்ல இங்க பேச்சு" என்றார். "போறது வாறது அரசாங்க சமாச்சாரம். அரசாங்கச் சம்பளம் வாங்கிறவங்க அதப் பத்தி வகுப்புல பேசினா, மேல இருக்கிறவங்க என்னயத்தான் கேப்பாங்க. புத்தகத்துல இருக்கிறத மட்டும் சொல்லிக் குடுங்க."

"பிள்ளை கேட்டா சார்?"

"புத்தகத்துல இல்லன்னு சொல்லுங்க."

"தான் எங்க போகப் போறோம்னு கேக்குது சார். அதுக்குப் போய்ப் புத்தகத்துல இல்லன்னா சொல்றது?"

"சொல்லத்தான் வேணும். இன்னொரு புகார் வந்துச்சுன்னா மாத்தம்தான், என் கையில ஒன்னும் இல்ல." பிறகு எங்களிடம், "மாத்தினா அடுத்த ஆளு எப்ப வரும்னு என்னயக் கேக்காதீங்க. இந்த ஏத்தத்துல ஏறி வர யாரும் வரிசையில நிக்கல" என்றார்.

வெளியே ஒரு ஆடு கத்தியது. அதற்கு மட்டும் சந்தோஷம் போல.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. "சார், அப்ப நான் இந்தியாவப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க அரசாங்க உத்தியோகமா?"

"கொழுந்து எடுக்கிறவங்க."

"அப்ப தாராளமாப் பேசுங்க."

"பொய்யி சொன்னாலும்?"

"அதுக்கு எங்க கந்தோர்ல சட்டம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இறங்கி வரும்போது என் வீட்டுக்காரர், "ஒனக்கு லைசனே குடுத்துட்டாங்க புள்ள. பாத்தவ பேசக் கூடாது, பாக்காதவ பேசலாம்" என்றார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் மலைப் பீலியில் விழுகிற தண்ணியில் முகம் கழுவும்போதும் அந்தப் பேச்சு போகவில்லை.

அதற்குப் பிறகு மகள் பள்ளியிலிருந்து வந்தால் ஒன்றும் சொல்வதில்லை. "இன்னைக்கு டீச்சரு என்னா சொன்னாங்க?" என்று நானே கேட்டேன்.

"ஏழாம் வாய்ப்பாடு."

"கேளுங்கன்னு சொல்லலயா?"

"இப்பல்லாம் சொல்றதில்ல. மேல் லயத்துப் புள்ள, அவங்க அடுத்த கெழம போறாங்கள்ல, அங்க போய் அப்பாவுக்கு என்னா வேலன்னு கேட்டா. புத்தகத்துல இல்லம்மான்னு சொல்லிட்டு டீச்சரு பலகைய அழிச்சாங்க. பலகையில ஒன்னுமே இல்ல. சும்மா அழிச்சாங்க."

அடுத்த நாள் நிரையில் என் வாயைவிடக் கைதான் வேகமாக ஓடியது. என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, பாதையில் டீச்சரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். கூடையோடு எங்கே ஒதுங்குவது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பள்ளமே மேல் என்று நினைத்த நேரத்தில் அவரே நின்றார்.

"அக்கா, ஒங்களுக்குத்தான் தடை இல்லயே. ஒரு நாள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்கு இந்தியாவப் பத்திச் சொல்லுங்களேன்."

"நானா?"

"நீங்கதான். நல்லாச் சொல்லுவீங்களாமே."

அது மரியாதை என்று நினைத்தேன். அந்த அளவுக்கு மூளை எனக்கு. போகிற நாளில் கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம், "டீச்சரு வேல பாக்கப் போறேன்" என்றேன். "பிள்ளைகள ஆண்டவன் காப்பாத்தணும்" என்றார்.

டீச்சர் என்னை முன் வாங்குப் பலகையில் உட்கார வைத்தார். அது முதலாம் வகுப்பு வாங்கு. என் முழங்கால் தாடைக்கு வந்தது. அவர் பின்னால் போய்ச் சுவர் ஓரம் நின்றுகொண்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். மலை, பனி, ஏணி வைத்துக் கிள்ளுகிற தேயிலை. பெரியவர்கள் சிரிக்கிற இடத்தில் எல்லாம் நிறுத்திப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எல்லாம் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

முடித்ததும் டீச்சர் பின்னாலிருந்து, "இப்ப நீங்க கேளுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைகள் எல்லாம் ஒன்றாக மேலே போயின.

"ஏணிய மேட்டுல எப்புடி நிறுத்துவாங்க?"

"ரெண்டு பேரு புடிச்சுக்குவாங்க."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் கொழுந்து எடுக்கமாட்டாங்களா? அவங்களுக்கு அன்னைக்குப் பேரு போடுவாங்களா, சம்பளம் உண்டா?"

"அது… கங்காணி பாத்துக்குவாரு."

"அவ்வளவு பெரிய மலைன்னா ஏன் நம்ம தாத்தா அங்கயே கொழுந்து எடுக்காம இங்க வந்தாரு?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. அந்தப் பக்கம் தேயிலை இருந்திருந்தால் இத்தனை பேர் கடல் தாண்டி எதற்கு வந்திருக்கப் போகிறார்கள்? முதலாம் வகுப்பு வாங்கில் உட்கார்ந்து அதை யோசித்தேன். இரண்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை.

மேல் லயத்துப் பிள்ளை எழுந்து நின்றாள். "அத்தை, அங்க எங்கப்பாவுக்கு என்னா வேல குடுப்பாங்க?"

"தெரியாது தாயி."

"நீங்க போயிருக்கீங்களா?"

"இல்ல."

"பொறவு யாருக்குத் தெரியும்?"

பிள்ளைகள் எல்லாம் திரும்பி டீச்சரைப் பார்த்தன. டீச்சர் என்னைப் பார்த்தார். இந்த வேலை போனால் அவருக்கு என்ன ஆகும், அவர் போனால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்தது. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

"சொல்லுங்க டீச்சர்" என்றேன். "புகார் சொல்ற வாயி இங்கதான் ஒக்காந்திருக்கு. அது இனிமே தெறக்காது."

"ஒங்க வாயா? தெறக்காதா?"

"இந்தியாவுக்கு மட்டும் தெறக்காது. மத்ததுக்குச் சொல்ல ஏலாது."

பிள்ளைகள் அப்போதுதான் சிரித்தன. நான் கதவைச் சாத்தலாமா என்று எழப் பார்த்தேன். கதவே இல்லை. வாங்கும் என்னை விடவில்லை.

டீச்சர் முன்னால் வந்து சாக்கட்டியை எடுத்தார். பலகையில் ஒரு நீளக் கோடு போட்டார். இதுதான் தரை என்றார். ஒரு மேடு பள்ளம் இல்லை, கோடாகவே போனது. வேலை வயலில் இருக்கும், மழை பெய்தால் இருக்கும், பெய்யாவிட்டால் கல் உடைக்கப் போவார்கள் என்றார். நீலகிரி என்று ஒரு பக்கம் தேயிலை உண்டு, ஆனால் அது உங்கள் தாத்தாமாருடைய ஊர் இல்லை என்றார். "பாத்தியா, தேயில இருக்கு!" என்று நான் கையைத் தட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். நல்லதும் சொன்னார். நம் பாஷையிலேயே எல்லாக் கந்தோரும், நம் பாஷையிலேயே பஸ்ஸில் பலகை. போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள், இருக்கிறவர்களும் தெரிந்துகொண்டு இருங்கள் என்றார். நாங்கள் கடைசியில் போகாமல் இருந்துவிட்டோம். மேல் லயத்துக் குடும்பம் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் அப்பா மட்டும் போகும்போது கம்பளியை விற்றுவிட்டுப் போனார்.

அன்று டீச்சர் பேசப் பேச, மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த இடுப்பளவு சுவருக்கு வெளியே நின்றுவிட்டார்கள். கூடை முதுகில் இருக்க, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள். நிரையில் கைமாறி வராமல் நேராகக் காதில் விழுகிற பேச்சு அவர்களுக்கும் புதிது. கூட்டத்தைக் கண்டால் தலைவருக்குக் கால் நிற்குமா? மேலேயிருந்து வேகமாக இறங்கி வந்தார். பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

டீச்சர் நிறுத்தினார். சாக்கட்டி கையிலேயே இருந்தது. இன்னொரு புகார் வந்தால் மாத்தம்தான் என்று அதிகாரி சொன்னது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. தலைவர் பலகையில் இருந்த கோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், நாங்களும் பதிஞ்சிருக்கோம். மதுரப் பக்கம் எப்புடி?"

டீச்சர் சாக்கட்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வகுப்புல கேக்கிறதுன்னா கையத் தூக்கிக் கேக்கணும்" என்றார்.

தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு சுவருக்கு வெளியே நின்றபடியே கையைத் தூக்கினார்.